உங்கள் பேர் எந்த நோட்டில் இருக்கிறது?

மலை விவசாயம்: வாசகர் கேள்வி பதில்

இந்த முறை நீலகிரி வாசகர்களின் கேள்விகளை மட்டும் எடுத்துக்கொண்டிருக்கிறோம். 2009 நவம்பரில் கேத்தியில் ஒரே நாளில் 82 சென்டிமீட்டர் மழை கொட்டியது. 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியிலும் ஒரே நாளில் அதே அளவு பெய்தது. அந்த இரண்டையும் மறக்காதவர்கள்தான் எழுதியிருக்கிறார்கள். பனி, ஆலங்கட்டி, மண்சரிவு என்று கேள்விகள் வேறு வேறு. ஆனால் பல கடிதங்களில் அடியில் கிடக்கும் சிக்கல் ஒன்றுதான்: உதவி செய்ய ஓர் அமைப்பு இருக்கிறது, நஷ்டம் நடந்த அன்று அந்தக் குடும்பத்தின் பேர் அதன் நோட்டில் இல்லை.

60 சென்ட் நிலத்தைக் குத்தகைக்கு எடுத்து உருளைக்கிழங்கும் கேரட்டும் போடுகிறோம். போன கடைபோகத்தில் (வருஷத்தின் கடைசிப் பயிர்ப் பருவத்தில்) ஆலங்கட்டி மழையில் பாதிப் பயிர் போய்விட்டது. பக்கத்துத் தோட்டத்துக்காரருக்கு இன்சூரன்ஸ் வந்தது, எங்களுக்கு வரவில்லை. குத்தகைக்காரர்களுக்குக் கிடையாதா?
வாசகி, தூனேரி

கிடையாது என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள். குத்தகைதாரர், வாரத்துக்குப் பயிரிடுபவர் எல்லோரும் பிரதமரின் பயிர்க் காப்பீட்டுத் திட்டத்தில் சேரலாம். நீங்கள் சேர்ந்திருந்தீர்களா என்று கடிதத்தில் இல்லை. சேராமல் இருந்தால் காரணம் பெரும்பாலும் அடங்கல்தான்.

இந்தப் பருவத்தில் இந்த சர்வே எண்ணில் இன்னார் இன்ன பயிர் வைத்திருக்கிறார் என்று கிராம நிர்வாக அலுவலர் (வி.ஏ.ஓ.) எழுதித் தரும் இந்த அடங்கல்தான் அடிப்படை ஆதாரம். "குத்தகைன்னு எழுதிட்டா நாளைக்கு நிலத்தையே கேப்பாங்க" என்று நிலத்துக்காரர் பயப்படுவார். அவரோடு வாதாடுவதைவிட, ஒரே பருவத்துக்கு மட்டும் ஒரு ஒப்புதல் கடிதம் எழுதிக் கேளுங்கள். சர்வே எண், உட்பிரிவு, எத்தனை சென்ட், என்ன பயிர், எந்த மாதத்திலிருந்து எந்த மாதம் வரை, நில உரிமை எதுவும் கோரவில்லை என்று கடைசியில் ஒரு வரி. அவ்வளவு போதும். நடவு முடிந்த வாரமே அதை எடுத்துக்கொண்டு வி.ஏ.ஓ.விடம் போய்விடுங்கள். காப்பீட்டுக் கடைசித் தேதி நெருங்கும்போது போனால் அங்கே கூட்டம் நிற்கும்.

இன்னொன்றையும் முன்னாலேயே கேட்டுவிட வேண்டும். நிலத்துக்காரர் அதே சர்வே எண்ணைக் காட்டிக் கூட்டுறவு சங்கத்தில் பயிர்க்கடன் வாங்கி, அதோடு காப்பீடும் பிடித்தமாகியிருந்தால், ஒரே நிலத்துக்கு இரண்டாவது விண்ணப்பம் என்று உங்களுடையது தள்ளுபடியாகும். அவர் தன் பேரில் காப்பீடு வேண்டாம் என்று கடைசித் தேதிக்கு 7 நாள் முன்னால் சங்கத்தில் எழுதிக் கொடுத்துவிட்டால் உங்களுக்கு வழி திறக்கும்.

பதிவைத் தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கத்திலோ பொதுச் சேவை மையத்திலோ செய்யலாம். நீங்கள் போடும் பயிர் அந்தப் பருவத்துக்கு உங்கள் பிர்க்காவில் (பல கிராமங்கள் சேர்ந்த வருவாய் வட்டாரத்தில்) அறிவிக்கப்பட்டிருக்க வேண்டும். தோட்டக்கலைப் பயிருக்கு விவசாயி கட்டுவது காப்பீட்டுத் தொகையில் அதிகபட்சம் 5 சதவீதம். உங்கள் 60 சென்ட்டுக்குத் தொகை 30,000 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் 1,500 ரூபாய். ரசீதை வாங்கியதும் மேசையை விட்டு நகராமல் நான்கைப் பாருங்கள்: ஆதாரில் உள்ளபடி பேர், வங்கிக் கணக்கு எண், சர்வே உட்பிரிவு, பரப்பு. பரப்பில்தான் தவறு அதிகம். 60 சென்ட் என்பது 0.24 ஹெக்டேர். அதை 0.60 ஹெக்டேர் என்று தட்டிவிட்டால் அடங்கலோடு ஒத்துப்போகாது.

நஷ்டம் வந்தபின் எந்த நஷ்டம் என்பதைப் பொறுத்து வழி மாறும். ஆலங்கட்டி, மண்சரிவு, மேகவெடிப்பு ஆகியவற்றுக்கு உங்கள் வயலை மட்டும் தனியாகப் பார்த்து இழப்பீடு உண்டு. ஆனால் 72 மணி நேரத்துக்குள் தகவல் போயிருக்க வேண்டும். 14447 என்ற எண்ணில் சொல்லி, புகார் எண்ணைப் பயிர்க் காப்பீட்டு ரசீதின் பின்பக்கமே எழுதி வையுங்கள். வெள்ளிக்கிழமை சாயங்காலம் கல்மழை பெய்தால் திங்கட்கிழமை ஆபீஸ் திறக்கட்டும் என்று காத்திருக்கக் கூடாது. திங்கள் சாயங்காலத்தோடு கெடு முடிந்துவிடும்.

உறைபனி, வறட்சி, கருகல் நோய் ஆகியவை அப்படியல்ல. பிர்க்கா அளவில் அறுவடைச் சோதனை செய்து, சராசரி மகசூல் குறைந்திருந்தால்தான் அங்கே பணம் கட்டிய எல்லோருக்கும் வரும். பனி உங்கள் பள்ளத்தில் மட்டும் இறங்கி, பிர்க்காவின் மற்ற இடங்களில் விளைச்சல் நன்றாக இருந்தால் காப்பீட்டில் ஒன்றும் வராது. அந்த இடைவெளிக்குத்தான் மாநிலப் பேரிடர் நிவாரண நிதி இருக்கிறது. உறைபனியும் அதன் பட்டியலில் உண்டு. பயிர்ச் சேதம் 33 சதவீதமோ அதற்கு மேலோ இருக்க வேண்டும். 2022 முதல் 2026 வரைக்கான விதிப்படி பாசனப் பயிருக்கு ஹெக்டேருக்கு 17,000 ரூபாய், மானாவாரிக்கு 8,500, தேயிலை போன்ற பல்லாண்டுப் பயிருக்கு 22,500. உங்கள் 60 சென்ட்டுக்குக் கணக்குப் போட்டால் ஏறக்குறைய 4,100 ரூபாய். விதைக்குக்கூடப் பற்றாது என்பது எங்களுக்குத் தெரியும். ஆனாலும் விட்டுவிடாதீர்கள். வி.ஏ.ஓ.வும் உதவித் தோட்டக்கலை அலுவலரும் வந்து பார்க்கும்வரை கருகிய பயிரைப் பிடுங்கி எறியாமல் இருப்பது முக்கியம். பிடுங்கியே ஆகவேண்டுமென்றால் ஓரத்தில் இரண்டு பாத்தியாவது விட்டுவையுங்கள்.

கடனுக்கும் ஒரு வார்த்தை. தனியாகப் போனால் பட்டா கேட்பார்கள். உங்களைப் போன்ற 4 முதல் 10 பேர் சேர்ந்து கூட்டுப் பொறுப்புக் குழுவாகப் போனால் பட்டா இல்லாமல் பயிர்க்கடன் கேட்க வழி உண்டு. கூட்டுறவுப் பயிர்க்கடனைத் தவணைக்குள் கட்டினால் நம் மாநிலத்தில் வட்டியே கிடையாது. கமிஷன் மண்டியில் விதைக்கிழங்குக்கு முன்பணம் வாங்கி, விளைந்ததை அவர் சொன்ன விலைக்கே கொடுப்பதோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

பனிக்காலத்தில் ஸ்பிரிங்ளர் ஓட்டச் சொல்கிறார்கள். ஓட்டியும் போன ஜனவரியில் பயிர் கருகிவிட்டது. 20 சென்ட் வைத்திருப்பவன் என்னதான் செய்வது?
வாசகர், தலைக்குந்தா

எத்தனை மணிக்கு ஓட்டி எத்தனை மணிக்கு நிறுத்தினீர்கள் என்பதில்தான் விடை இருக்கிறது. தண்ணீர் உறையும்போது வெப்பத்தை விடுகிறது. அந்த வெப்பம்தான் இலையைக் காக்கிறது. பாதியில் நிறுத்தினால் ஈரம் ஆவியாகி இலையிலிருந்து வெப்பத்தைப் பிடுங்கிக்கொள்ளும். ஓட்டாமலே இருந்திருந்தால்கூட இவ்வளவு கருகியிருக்காது. ஆகவே பனி இறங்குமுன் தொடங்கி, வெயில் ஏறி இலைமேல் உள்ள உறைந்த நீர் உருகி வடியும்வரை விடாமல் ஓட வேண்டும். அதிகாலை 3 மணியிலிருந்து 8 மணிவரை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது தண்ணீர்க் கணக்கு. 20 சென்ட் என்பது சுமார் 810 சதுர மீட்டர். மணிக்கு 2.5 மில்லிமீட்டர் தூவினால் ஒரு மணிக்கு 2,000 லிட்டர். ஐந்து மணி நேரத்துக்கு 10,000. தொடர்ந்து மூன்று இரவு பனி விழுந்தால் 30,000 லிட்டர், அதாவது 5 மீட்டர் நீளம், 4 மீட்டர் அகலம், ஒன்றரை மீட்டர் ஆழமுள்ள தொட்டி நிறைய. பாசனத்துக்குக் கொடுக்கும் சாதாரண நாசில் இதைவிட அதிகமாகக் கொட்டும். குட்டை சீக்கிரம் காலியாகி நடு இரவில் நிற்கும். அப்படி நின்றதுதான் உங்கள் தோட்டத்தில் நடந்தது என்று நினைக்கிறோம். சின்னத் துளை நாசில் மாற்றுங்கள்.

தனிக் குடும்பத்துக்கு இது தாங்காது. ஒரே பள்ளத்தில் தோட்டம் வைத்திருக்கும் நான்கைந்து பேர் சேர்ந்து ஒரு என்ஜின், ஒரு குட்டை என்று வைத்துக்கொள்வதுதான் நடைமுறை. சிறு குறு விவசாயிக்கு நுண்ணீர்ப் பாசனக் கருவிக்கு நம் மாநிலத்தில் அரசு நிர்ணயித்த விலைவரை 100 சதவீத மானியம். தாசில்தார் தரும் சிறு குறு விவசாயி சான்று, சிட்டா, அடங்கல், நில வரைபடம், ஆதார், வங்கிப் புத்தகம் ஆகியவற்றோடு தோட்டக்கலை அலுவலகத்தில் பதிவு செய்யுங்கள். கூட்டுப் பட்டாவாக இருந்தால் மற்ற பங்காளிகளின் சம்மதத்தையும் சேர்த்து வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். பனிக்காலம் தொடங்கியபின் விண்ணப்பித்தால் அடுத்த வருஷப் பனிக்குத்தான் குழாய் வரும். ஜூன், ஜூலையிலேயே போய்விடுங்கள்.

தண்ணீரே இல்லையா? சாயங்காலம் காய்ந்த பெரணித் தழையைக் குச்சிப் பந்தல்மேல் பரப்பி மூடுங்கள். இலையில் படக்கூடாது. பிளாஸ்டிக் ஷீட் இலையைத் தொட்ட இடமெல்லாம் கருகும். காலையில் வெயில் ஏறியதும் எடுத்துவிட வேண்டும். செடிக்கு மேலே மூடுவது வேறு, மண்ணில் வைக்கோல் மூடாக்குப் போடுவது வேறு. காய்ந்த மூடாக்கு பகலில் மண் சூடேறாமல் தடுத்து, இரவில் பனியை அதிகமாக்கும். பனி மாதங்களில் மண் வெறுமையாக, இறுகி, ஈரமாக இருப்பதே நல்லது. வேலியின் கீழ்ப்பக்கம் அடர்ந்திருந்தால் ஓர் ஆள் அகலத்துக்கு வெட்டிவிடுங்கள்; குளிர்காற்று தண்ணீரைப் போலச் சரிவில் இறங்கி, தடை இருக்கும் இடத்தில் தேங்கும். பள்ளத்தில் தேயிலை இருந்தால் டிசம்பரில் கவாத்து வேண்டாம்.

செவ்வாயும் வெள்ளியும் வரும் வேளாண் வானிலை அறிவிப்பை மேகதூத் செயலியில் பார்க்கலாம். அதில் குறைந்தபட்ச வெப்பநிலை 4 டிகிரி என்று போட்டிருந்தாலே தரையில் பனி உறையக்கூடும். அந்த அளவு தரையில் அல்ல, தரைக்கு மேலே எடுப்பது. குழுவில் ஒருவர் பார்த்து மற்றவர்களுக்குப் போன் செய்வது என்று முறை வைத்துக்கொண்டால் எல்லோரும் தினம் விழித்திருக்க வேண்டியதில்லை.

கேரட் பாத்தியைச் சரிவோடு மேலிருந்து கீழாகப் போடுகிறோம். மழையில் மேல்மண் போகிறது. குறுக்கே போட்டால் தண்ணீர் தேங்கிக் கிழங்கு அழுகுகிறது.
வாசகர், எப்பநாடு

குறுக்கேதான் போட வேண்டும், ஆனால் மட்டமாக அல்ல. பாத்தி நீளவாக்கில் 10 மீட்டருக்கு 10 சென்டிமீட்டர் இறங்கட்டும். கொத்தனார்கள் வைத்திருக்கும் டியூப் லெவலே போதும். படிக்கட்டு நிலமாக இருந்தால் 2 மீட்டர் அகலத்துக்கு 5 சென்டிமீட்டர் மலைப்பக்கமாகச் சாய்ந்திருக்க வேண்டும்; உள் ஓரக் கால்வாய் வழியாகத் தண்ணீர் ஒரு பக்கம் வடியும். கால்வாய் முடியும் இடத்தில் இரண்டடிக் குழி ஒன்று வெட்டி, படிந்த மண்ணை வாரி மேலே போடுங்கள். சரிவு 33 சதவீதத்தைத் தாண்டினால், அதாவது 3 மீட்டருக்கு 1 மீட்டர் இறங்கினால், அது காய்கறி நிலமே இல்லை. தேயிலையோ மரமோதான் நிற்கும்.

வீட்டுக்கு மேலே மண்ணில் விரிசல். ஊராட்சியில் சொல்லலாம் என்றால் எங்கள் ஊரில் கிராம சபையே நடப்பதில்லை. நூறு நாள் வேலையும் இல்லை. யாரிடம் போவது?
வாசகி, கேத்தி அருகே

நீங்கள் இருப்பது பேரூராட்சி. கேத்தி, அதிகரட்டி, சோலூர், கீழ்குந்தா, உலிக்கல் எல்லாம் பார்க்கக் கிராமம், சட்டத்தில் பேரூராட்சி. கிராம சபையும் ஊரக வேலைத் திட்டமும் ஊராட்சிகளுக்கு மட்டும்தான். ஊராட்சிக்காக எழுதப்பட்ட ஆலோசனைகளைப் படித்துவிட்டு இந்த ஊர்களில் பலர் வீணாக அலைகிறார்கள். உங்களுக்கு வார்டு கவுன்சிலர், பகுதி சபைக் கூட்டம், செயல் அலுவலர் என்பதுதான் வழி. சுவருக்கும் வடிகாலுக்கும் வேளாண் பொறியியல் துறையை அணுகலாம். 1975-76 முதல் நீலகிரியில் நடக்கும் மலைப்பகுதி மேம்பாட்டுத் திட்டத்தில் மண் பாதுகாப்பு வேலை எடுக்கப்படுகிறது.

அதற்குமுன் இன்றே செய்ய வேண்டியது: விரிசலின் இருபுறமும் ஒரு முளை அடித்து, இடைவெளியைக் காலையும் மாலையும் அளந்து தேதியோடு எழுதுங்கள். விரிசலுக்குள் களிமண் இறுக்கி, மேலே தார்ப்பாய் போட்டு, அதற்கும் மேலே ஒரு சின்ன வாய்க்கால் வெட்டி மழைத்தண்ணீரை வேறு பக்கம் திருப்புங்கள். அளவு கூடிக்கொண்டே போனாலோ, கதவு திடீரென்று இறுகினாலோ, கம்பம் சாய்ந்தாலோ, ஊற்றுத் தண்ணீர் கலங்கி வந்தாலோ மனு எழுதிக்கொண்டிருக்காமல் எல்லோரையும் கூட்டிக்கொண்டு வெளியேறுங்கள். மாவட்டக் கட்டுப்பாட்டு அறை எண் 1077. இந்தியப் புவியியல் ஆய்வுத் துறை 2024 ஜூலை முதல் நீலகிரிக்கு மண்சரிவு முன்னறிவிப்பு வெளியிடுகிறது. அது வட்டார அளவில்தான் சொல்லும். உங்கள் வீட்டுக்குப் பின்னால் உள்ள மேட்டைப் பற்றிச் சொல்வது அந்த இரண்டு முளைதான். அந்த அளவுக் குறிப்பை மனுவோடு இணையுங்கள். வெறும் "விரிசல் உள்ளது" என்பதைவிட "8 நாளில் 3 சென்டிமீட்டர் கூடியது" என்பதற்கு அதிகாரிகள் சீக்கிரம் வருவார்கள்.

சுவர் கட்ட வந்தால் பக்கத்தில் நின்று பாருங்கள். சுவரில் ஒன்றரை முதல் 2 மீட்டருக்கு ஒன்றாக 3 அங்குலக் குழாய் விட்டு, பின்பக்கம் ஜல்லி நிரப்ப வேண்டும். துளை இல்லாத சுவருக்குப் பின்னால் தண்ணீர் நிரம்பி, சுவரையே தள்ளிவிடும். கம்பிவலைக்குள் கல் அடுக்கும் சுவர் தானாகவே நீரை விடும். சரிந்த மண்ணை எடுக்க இயந்திரம் வைக்க இங்கே அனுமதி வேண்டும். அடிமண்ணை அவசரப்பட்டுத் தோண்டினால் மேலே உள்ளதும் இறங்கும்.

விளைநிலமே சரிந்து போயிருந்தால் சிறு குறு விவசாயிக்கு மேலே சொன்ன 2022–26 விதியில் ஹெக்டேருக்கு 47,000 ரூபாய், மண் மூடிய நிலத்தைச் சீர்செய்ய 18,000. இப்படி ஓர் இனம் இருப்பதே பலருக்குத் தெரியாததால் பயிர்ச் சேதத்துக்கு மட்டும் மனுக் கொடுக்கிறார்கள்.

எங்கள் பணியர் காலனியில் 22 வீடு. யாருக்கும் பட்டா இல்லை. ஜூன், ஜூலையில் மழை பிடித்தால் கூலி வேலை இல்லை. பயிர் இன்சூரன்ஸ், மானியம் என்று எழுதுகிறீர்கள், எங்களுக்கு என்ன இருக்கிறது?
வாசகர், சேரங்கோடு

உங்கள் கேள்வி நியாயமானது. நிலத்தை வைத்து நடக்கும் உதவி எல்லாம் நிலமில்லாதவரைத் தாண்டிப் போய்விடுகிறது. கூடலூர், பந்தலூரில் ஜென்ம நிலச் சிக்கல் (பழைய ஜமீன் நிலங்கள் யாருக்கு என்பது தீராத சிக்கல்) வேறு. உங்களுக்கு ஊராட்சி இருக்கிறது, கிராம சபை உண்டு. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய ஆறு நாளும் கூடும். மனுவை எழுத்தில் கொடுத்து, தீர்மான எண்ணைக் கேட்டு வாங்குங்கள்.

வன நிலத்தில் 2005 டிசம்பர் 13-க்கு முன்பிருந்து குடியிருந்தோ பயிரிட்டோ வந்தால் வன உரிமைச் சட்டப்படி 4 ஹெக்டேர் வரை உரிமை கோரலாம். இரண்டு ஆதாரம் வேண்டும். பெரியவர்களின் எழுத்து வாக்குமூலமும் ஒரு ஆதாரம்தான். பழைய கல்லறை, கோயில், கிணறு இருக்கும் இடத்தையும் காட்டலாம். மறுத்தால் 60 நாளுக்குள் மேல்முறையீடு.

வீடு, ஆடுமாடு நிவாரணத்துக்குப் பட்டா தேவையில்லை, ஆனால் வீடு பதிவில் இருக்க வேண்டும். வீட்டு வரி ரசீதை 22 வீட்டுக்கும் மழைக்கு முன்னால் வாங்கிவிடுங்கள். மேலே சொன்ன 2022–26 பேரிடர் நிவாரண விதிப்படி மலைப்பகுதியில் முழுதாக இடிந்த வீட்டுக்கு 1,30,000, குடிசைக்கு 8,000, கறவை மாட்டுக்கு 37,500, ஆட்டுக்கு 4,000 ரூபாய். செத்த மாட்டைக் கால்நடை மருத்துவர் பார்த்துச் சான்று எழுதும்வரை புதைக்காதீர்கள். பணியர் உட்பட நீலகிரியின் ஆறு ஆதிப் பழங்குடிகளுக்கும் தனி வீட்டுத் திட்டம் உண்டு. பட்டியலில் உங்கள் காலனி இருக்கிறதா என்று பழங்குடியினர் நலத் துறையில் கேளுங்கள். ரேஷன் அட்டை அந்தியோதயா வகையாக இருந்தால் மாதம் 35 கிலோ அரிசி. அந்தக் குறியீடு இல்லாத அட்டைகளை எழுதி எடுத்து, மொத்தமாக ஒரே மனுவாக வட்ட வழங்கல் அலுவலரிடம் கொடுங்கள்.

வேலை இல்லாத மாதங்களுக்கு ஒரு தானிய வங்கி உதவும். மார்ச் முதல் மே வரை வீட்டுக்கு 10 கிலோ சேர்த்தால் 220 கிலோ. மூடியுள்ள தகர டின்னில், தரையிலிருந்து ஓரடி உயரத்தில் வையுங்கள். உங்கள் பக்கத்து ஈரத்துக்குச் சாக்கில் வைத்தால் ஒரே மாதத்தில் பூசணம். 10 கிலோ வாங்கியவர் வேலை தொடங்கியதும் 11 கிலோ திருப்ப வேண்டும். பேரேடு எழுதத் தெரிந்த ஒரு பெண்ணிடமும், சாவி வேறொருவரிடமும் இருக்கட்டும்.

எங்கள் மகளிர் குழுவில் 12 பேர். மழை, பனி நஷ்டத்துக்கென்று தனி நிதி வைக்கலாமா?
வாசகி, கோத்தகிரி

வையுங்கள். ஆளுக்கு மாதம் 100 ரூபாய் என்றால் வருஷத்துக்கு 14,400. சேமிப்போடு கலக்காமல் தீர்மானப் புத்தகத்தில் தனித் தலைப்பில் எழுதுங்கள். எது நஷ்டம், யார் போய்ப் பார்ப்பது, ஒருவருக்கு அதிகபட்சம் எவ்வளவு, எத்தனை மாதத்தில் திருப்புவது என்ற நான்கையும் நல்ல நாளிலேயே முடிவு செய்துவிடுங்கள். மழை பெய்தபின் முடிவு செய்தால் மனஸ்தாபம்தான் மிஞ்சும்.

ஆனால் இதன் எல்லையையும் தெரிந்துகொள்ளுங்கள். ஒருத்திக்கு மாடு செத்தால் இந்த நிதி தாங்கும். ஒரே இரவில் 12 பேருக்கும் தோட்டம் போனால் ஆளுக்கு 1,200 ரூபாய்தான். ஒரே ஹட்டிக்குள் (ஊருக்குள்) சேர்த்த பணம் அந்த ஹட்டியே அடிபடும்போது உதவாது. அதனால் அதில் ஒரு பங்கை, மூன்றில் ஒன்று என்று வைத்துக்கொள்ளுங்கள், மகளிர் குழுக்களின் கூட்டமைப்பு மட்டத்தில் வேறு உயரத்தில், வேறு பயிர் வைத்திருக்கும் ஊர்க் குழுக்களோடு சேர்த்து வைக்கலாம். உங்கள் பக்கம் வடகிழக்குப் பருவமழையில் அடிபடும், கூடலூர்ப் பக்கம் தென்மேற்கில். இரண்டு பக்கமும் ஒரே மாதத்தில் விழுவது அரிது.

குழுவில் விதைக்கிழங்கையும் சேர்த்து வைத்துப் பரிமாறலாமா என்று கடைசியில் கேட்டிருக்கிறீர்கள். கேழ்வரகு, பீன்ஸ், பட்டாணி விதையைத் தாராளமாக. உருளைக்கிழங்கை மட்டும் வேண்டாம். 1961-இல் நீலகிரியில் கண்டறியப்பட்ட முட்டைக்கூடு நூற்புழு கிழங்கில் ஒட்டிய மண்ணோடு ஒரு தோட்டத்திலிருந்து இன்னொன்றுக்குப் போகிறது. உள்ளே வந்துவிட்டால் பயிர் இல்லாமலே பல வருஷம் மண்ணில் கிடக்கும். பூக்கும் சமயத்தில் ஒரு செடியை மெதுவாகத் தோண்டி, வேரைத் தண்ணீரில் அலசிப் பாருங்கள். கடுகைவிடச் சின்னதாக வெள்ளை, மஞ்சள் மணிகள் ஒட்டியிருந்தால் அந்தத் தோட்டத்துக் கிழங்கும், அங்கே புழங்கிய மண்வெட்டியும் கழுவாமல் வேறு தோட்டத்துக்குப் போகக் கூடாது. இதை எதிர்க்கும் குப்ரி சஹ்யாத்ரி, குப்ரி சுவர்ணா ரகங்களுக்குத் தோட்டக்கலை அலுவலகத்தில் குழுவின் பேரில் சேர்த்து எழுதிக் கேளுங்கள்.